ஐந்தாம் மாடிக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

"பொண்ணு என்ன பண்றா?" என்று யார் கேட்டாலும், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "கம்பெனில இருக்கா."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனியில்தான் இருந்தாள். எந்தக் கம்பெனி, அங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி கிளம்புவதற்குள் "காபி சாப்பிடுறீங்களா, டீ சாப்பிடுறீங்களா?" என்று நான் முந்திக்கொள்வேன். (அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் கேட்டவரிடமும் பழக்கதோஷத்தில் இதையே கேட்டுவிட்டேன். அவர் "டீ" என்றார். வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.)

விஷயம் இவ்வளவுதான். என் மகள் பெனிட்டா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டெக்னீசியன். நீலச் சட்டை, நீல பேன்ட், தலையில் ஹெல்மெட், இடுப்பில் பாதுகாப்பு பெல்ட், முதுகில் ஸ்பேனர்கள் கலகலக்கும் பை. இந்தக் கோலத்தில் அவள் காலையில் வீட்டை விட்டுப் போவதை எங்கள் மேனாம்பேட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, சட்டைக்கு மேலே ஒரு பூப்போட்ட குர்தாவைப் போட்டுக்கொண்டுதான் படி இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். சித்திரை வெயிலிலும் அந்தச் சட்டத்தில் தளர்வு கிடையாது.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் என்னைக் கண்டு நடுங்குவார்கள். நான் மற்ற எல்லாவற்றையும் கண்டு நடுங்குவேன். கேஸ் சிலிண்டர், நாய், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், தெரிந்த நம்பரிலிருந்து அகால நேரத்தில் வரும் போன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை நான்காவதாக இழுத்ததில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது.

இந்தச் சொத்தில் ஒரு பங்கு மகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மூடிய கதவு என்றால் அவளுக்கு ஆகாது. படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தால்தான் தூக்கம். குளியலறைக்குத் தாழ் போட மாட்டாள். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று ஞாயிறு பள்ளியில் கற்ற ஒரு பாட்டைக் குளித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டிருப்பாள். பயம் அதிகமானால் பாட்டின் வேகமும் அதிகமாகும். மின்சாரம் போன நாட்களில் அது ஒரு நிமிடத்துக்கு நான்கு சரணம் என்ற கணக்கில் ஓடும்.

எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் போல அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்தாள். அலுவலகம் ஆறாவது மாடியில். அந்த ஆறு மாடியையும் தினமும் படியேறியே போனாள். ஒருநாள் காலில் சுளுக்கு. வேறு வழியில்லாமல் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அது நடுவழியில் நின்றுவிட்டது. தனியாக உள்ளே நாற்பது நிமிடம். போனில் என்னிடம் அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுததால், அவள் அழுகையை நிறுத்திவிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை நடுங்கிக்கொண்டு வரப்போகிறாள் என்று பார்லி கஞ்சியோடு காத்திருந்தேன். வந்தவள் கண்கள் பளபளத்தன.

"அம்மா, மெக்கானிக் வந்து கதவத் தொறந்தப்போ உள்ள எட்டிப் பாத்தேன். சுவருக்குள்ள எவ்ளோ பெரிய மெஷின் மறைஞ்சிருக்கு தெரியுமா? ஒரு பக்கம் நாம, இன்னொரு பக்கம் எடைக்கல்லு. நாம மேல போனா அது கீழ வருது. தராசு மா. ஒரு கட்டடம் முழுக்க ஒரு தராசு."

"சரி, கஞ்சியக் குடி."

"அது ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சதும் பயம் பாதியாயிருச்சு. மீதியும் தெரிஞ்சுக்கணும்."

மீதியைத் தெரிந்துகொள்ள அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆறு மாதத்தில் விட்டாள். சேர்ந்த லிஃப்ட் கம்பெனியில் சம்பளம் குறைவு, வேலை நேரம் நிச்சயமில்லை, அந்தக் கிளையில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரே பெண். முதல் நாள் லிஃப்டின் கூரைமேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏறினாள், வாந்தி எடுத்தாள், இறங்கினாள், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் ஏறினாள். முதல் வாரம் முழுக்க இதுதான் நடந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அந்த வாரத்தில் நான் கவனித்ததெல்லாம், பிள்ளை டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாளே, சாம்பார் சரியில்லையோ என்பதுதான்.

இந்த நிலையில்தான் நசரத்பேட்டையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் ஜோயல், ஐடியில் வேலை, அவர்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவன், சாந்தமான முகம். எங்கள் பாஸ்டரின் மனைவி வழியாகத்தான் பேச்சு வந்தது. பையனின் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: பெண்ணும் ஐடியில் இருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "கம்பெனில இருக்கா" என்றேன். "ஐடி கம்பெனிதானே?" என்று கேட்டார்கள். போனில் காபியா டீயா என்று கேட்க முடியாது. "ஆமா" என்றேன்.

பெனிட்டாவுக்கும் ஒரே நிபந்தனைதான். "அம்மா, என்ன வேலைன்னு முதல்லயே சொல்லிடு. புடிச்சா வரட்டும். கல்யாணத்துக்காக இத விட மாட்டேன்."

"சொல்லிட்டேன்டி, சொல்லிட்டேன். அவங்களுக்குப் பரவால்லயாம்."

அதாவது இரண்டு பக்கமும் பொய். கல்யாணம் ஆகிவிட்டால் வேலையைத் தானாக விட்டுவிடுவாள், அப்போது நான் சொன்னது உண்மையாகிவிடும் என்பது என் கணக்கு. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு நிரப்பினால் முட்டை போடுகிறவள் நான்.

ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பெனிட்டாவுக்கு மதியம்வரை டியூட்டி. மூன்றரைக்கு வீட்டில் இருப்பேன் என்றாள். மூன்றரைக்குப் போன் வந்தது. "குமணன்சாவடில ஒரு லிஃப்டு மா, முடிச்சுட்டு வந்துடறேன். நாலரைக்கு இருப்பேன்." பாஸ்டருக்கு ஆறு மணிக்கு வேறொரு வீட்டில் ஜெபக்கூட்டம் என்பதால் அவர்கள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. என் கணவர் சமையலறையில் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார். (எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பயப்படாதவர் அவர்தான்.) நான் ஓட்டமாகக் கீழே இறங்கினேன். ஜோயல், அவனுடைய அப்பா, அம்மா, தாய்மாமா, அத்தை, எங்கள் பாஸ்டர், பாஸ்டரம்மா என்று ஏழு பேர். கையில் ஆரஞ்சுத் தட்டு, ஆப்பிள் தட்டு, ஒரு பெரிய கேக். என்னோடு எட்டு.

லிஃப்டுக்குள் பலகையில் எழுதியிருந்தது: எட்டு நபர்கள், 544 கிலோ. எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் என் மனம் குளிர்ந்துவிட்டது. 544-ஐ எட்டால் வகுத்தால் ஆளுக்கு 68 என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஜோயலின் அப்பா ஒருவரே ஒன்றே முக்கால் நபர். தாய்மாமா ஒன்றரை. அத்தையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவர் இப்போது எங்கள் சபைக்கு வருகிறார்.

கடைசியாக நான் காலை வைத்ததும் 'பீ' என்று மணி அடித்தது.

"ஓவர்லோடு போல. நான் இறங்கிக்கிறேன்" என்றான் ஜோயல்.

"மாப்பிள்ளை இறங்குறதா? நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"அப்ப நான் படியில வரேன்" என்றார் அவனுடைய அப்பா.

"ஐயோ, சம்பந்தி நீங்க போய்" என்றேன். (இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி.)

"அத்தைக்கு முட்டி வலி." "பாஸ்டர் ஐயாவ எப்படி இறக்குறது?" என்று ஆளாளுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தோம். மணி விடாமல் அடித்தது. இறங்கியிருக்க வேண்டியவள் நான்தான் என்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் இல்லாமல் அவர்கள் தனியாக மேலே போனால், நடுவில் எந்த மாடியிலாவது யாராவது ஏறி, "பெனிட்டாவப் பாக்க வந்தீங்களா? நல்ல பொண்ணு, எங்க மிக்சியக்கூட ரிப்பேர் பண்ணித் தந்துச்சு" என்று ஏதாவது ஆரம்பித்துவிட்டால்? நான் கூடவே இருந்தாக வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு கைவைத்தியம் உண்டு. மணி அடித்தால் எல்லாரும் இடதுபக்க மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றால் மணி நின்றுவிடும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், இப்படிச் செய்யக் கூடாது, ஆறு பேருக்கு மேல் ஏறவும் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியவளே நான்தான்.

"எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கமா நகருங்க. இன்னும் கொஞ்சம். மூச்ச லேசா இழுத்துப் புடிச்சுக்கோங்க."

மூச்சுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பாஸ்டர்கூட இழுத்துப் பிடித்தார். மணி நின்றது. கதவு மூடியது. நான் வெற்றிப் புன்னகையோடு ஐந்தை அழுத்தினேன்.

மூன்றாவது மாடி தாண்டியதும் தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டது. அதைப் பிடிக்கத் தாய்மாமா குனிந்தார். ஒன்றரை ஆள் குனியும்போது பின்பக்கம் எங்காவது போக வேண்டுமே; அது கதவில் போய் இடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றுவிட்டது.

நான் எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக அழுத்தினேன். பிறகு மறுவரிசையில் அழுத்தினேன். கீழிருந்து எங்கள் வாட்ச்மேன் ஏழுமலையின் குரல் கேட்டது.

"யாரு உள்ள கீறது?"

"நான்தான் ஏழுமலை. செக்ரட்டரி."

"இன்னா மேடம், நீயே மாட்டிக்கினியா? எத்தினி பேரு?"

"எட்டு."

"எட்டா? நீதானே போர்டுல ஆறு பேருக்கு மேல ஏறாதன்னு எழுதி ஒட்ன?"

"கம்பெனிக்குப் போன் பண்ணு ஏழுமலை."

"பண்ட்டேன். பக்கத்துல ஒரு மெக்கானிக் வந்துகினு கீதாம். பத்து நிமிஷம்."

அந்தப் பராமரிப்புக் கம்பெனி எது என்று இப்போது சொல்ல வேண்டும். பெனிட்டாவின் கம்பெனிதான். ஆறு மாதம் முன்பு அவள் சொல்லித்தான் ஒப்பந்தம் போட்டோம். ஆனால் எங்கள் கட்டடத்துக்கு அவளை மட்டும் அனுப்பவே கூடாது என்று அவளுடைய மேலாளரிடம் நான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் யாரோ ஒரு ஆண்பிள்ளை வருவான் என்ற நிம்மதியில் இருந்தேன். சனிக்கிழமை என்பதும், பக்கத்தில் டியூட்டியில் யார் இருப்பார்கள் என்பதும் என் மூளைக்கு எட்டவில்லை. கணக்கில் மட்டும்தான் நான் வீக் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் கணவர் போனில் அழைத்தார். "கட்லெட் ஆறுதே, எங்க இருக்கீங்க?"

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

"அங்க என்ன வீடு இருக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்துத் தலைக்கு மேலே இரும்புக் கதவு திறக்கும் சத்தம். பிறகு கூரைமேல் யாரோ கால் வைத்தார்கள். லிஃப்ட் லேசாக ஆடியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறித் துவாரம் வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது.

"உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. ஃபேன் ஓடுதில்ல? காத்து வரும், மூச்சு முட்டாது. லிஃப்டு கீழ விழாது. கதவுமேல மட்டும் யாரும் சாயாதீங்க. வயசானவங்க, பிபி உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"எல்லாருக்குமே பிபிதாம்மா" என்றார் தாய்மாமா.

எனக்கு அந்த நொடியில் புதிதாக வந்தது. அந்தக் குரலை இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜோயலின் அம்மா ஆச்சரியத்தோடு மேலே பார்த்தார். "பொம்பளப் புள்ள குரலா இருக்கு? பொண்ணா வந்து இந்த வேலையப் பாக்குது?" பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார்.

"இல்லையே" என்றேன்.

"இந்த இருட்டுக்குள்ள, கயித்துமேல. பெத்தவங்க எப்படித்தான் அனுப்புறாங்களோ."

"அதானே" என்றேன்.

"நீங்கதானே செக்ரட்டரி? மெக்கானிக் யாருன்னுகூடத் தெரியாதா?" என்றார் தாய்மாமா.

"கம்பெனில எத்தனையோ பேர் இருப்பாங்க. இந்தப் பொண்ண எனக்கு எங்க தெரியும்?"

தன் குருவையே தெரியாது என்று ஒரு சீடர் மூன்று முறை மறுதலித்த கதையை ஞாயிறு பள்ளியில் பத்து வருடம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். "உங்கள்ல யாராச்சும் இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டு, "மாட்டோம் டீச்சர்" என்று சொல்ல வைத்திருக்கிறேன். பாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் பெனிட்டாவின் வேலை தெரியும். வேலையில் சேர்ந்த அன்று அவளுக்காக ஜெபித்தவரே அவர்தான்.

மேலே ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. துவாரத்தின் வழியாக எங்கள் குரல் அங்கே கேட்கும் என்பதை அந்த அமைதிதான் எனக்குச் சொன்னது. நான் தலைநிமிரவில்லை. கீழே கிடந்த ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறிது நேரம் கழித்து மேலே மெல்லிய குரலில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. முணுமுணுப்புதான். வேகமாக, சரணத்துக்குச் சரணம் மூச்சு விடாமல்.

"யாரோ பாடுற மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

"தேவதூதர்களா இருக்கும்" என்றார் பாஸ்டரம்மா பக்தியோடு.

எங்கள் வீட்டுக் குளியலறைப் பாட்டு அது. அவளுக்குப் பயம் போய்விட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயம் போனதால் இந்த வேலைக்குப் போகிறாள் என்று. அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த இருட்டுக்குள் இறங்கும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்திருக்கிறது. பயந்துகொண்டே இறங்கி, பாடிக்கொண்டே வேலையை முடித்துவிட்டு, குர்தாவை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நானோ அண்டை வீட்டுக்காரிக்குப் பயந்து அவளுக்குப் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கிறேன். பாட்டுக்கு நடுவே ஸ்பேனர் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. கை நடுங்குகிறவர்களின் சத்தமாக அது இல்லை. அளவாக, நிதானமாக இருந்தது.

"எல்லாரும் ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். கண்களை மூடினோம்.

எங்கள் பாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஜெபத்துக்குப் பிரேக் கிடையாது. லிஃப்டில் அகப்பட்டவர்களுக்காக ஆரம்பித்தார். லிஃப்டைச் சரிசெய்யும் மகளுக்காக, அவளைப் பெற்றவர்களுக்கு நல்ல புத்தி உண்டாவதற்காக (இதில் குரல் சற்று உயர்ந்தது), மின்வாரிய ஊழியர்களுக்காக, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற வருகிற வாகனங்களுக்காக என்று விரிந்துகொண்டே போனார். நடுவில் லிஃப்ட் மெல்ல அசைந்து கீழே இறங்கியதை உணர்ந்தேன். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஆகாத காரியம். யாரும் திறக்கவில்லை.

திடீரென்று முகத்தில் காற்று பட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன்.

கதவு முழுசாகத் திறந்திருந்தது. மூன்றாவது மாடி. வாசலில் பெனிட்டா நின்றிருந்தாள். நீலச் சட்டை, கன்னத்தில் ஒரு தீற்று கிரீஸ், தலையில் ஹெல்மெட். கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு பூட்ஸ் காலை நீட்டி வைத்துக்கொண்டு, கைகூப்பி, கண்ணை மூடி, 'ஆமென்' வருவதற்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவது மாடிக்காரர்கள் எல்லாரும், ஏழுமலை உட்பட, தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே எட்டுப் பேர், வெளியே பத்துப் பேர். மீட்பு முடிந்துவிட்டது, மீட்புக்கான ஜெபம் முடியவில்லை.

ஏழுமலை மட்டும் பொறுக்க முடியாமல் என்னிடம் கிசுகிசுத்தான். "மேடம், தொறந்துகிச்சுன்னு பாஸ்டர் அய்யருக்குச் சொல்லேன்."

ஒருவழியாக ஆமென் வந்தது. கண்ணைத் திறந்த பாஸ்டர், "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் வெளியே வந்தோம். ஜோயலின் அம்மா பெனிட்டாவையே உற்றுப் பார்த்தார். போட்டோவில் பார்த்த முகம், ஆனால் ஹெல்மெட் இடித்தது. பெனிட்டா யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதில் செருகியிருந்த தாளில் சரசரவென்று எழுதினாள். என்னிடம் நீட்டினாள்.

"மேடம், செக்ரட்டரி சைன் வேணும்."

என் வயிற்றில் பிறந்தவள் என்னை மேடம் என்றாள். அது சரிதான். கம்பெனியில் எத்தனையோ பேர் இருப்பார்கள். என்னை மட்டும் அவளுக்கு எங்கே தெரியும்?

தாளை வாங்கினேன். பழுதின் காரணம் என்ற இடத்தில், 'அளவுக்கு மீறிய எடை. ஒரே பக்கமாக நின்றது. கதவின் மீது சாய்ந்தது' என்று மூன்றையும் எழுதியிருந்தாள். தாமதம் என்ற இடத்தில், 'ஆறு நிமிடம் (ஜெபம்)' என்று இருந்தது. கீழே டெக்னீசியன் பெயர், கையெழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கான இடம். பக்கத்தில், 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஒரு கட்டம்.

இந்த இடத்தில் நான் வீரமாக ஒரு பிரசங்கம் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். அது நடக்கவில்லை. பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில், 'டெக்னீசியன் என் மகள்' என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

"இது பெனிட்டா. என் பொண்ணு. நீங்க பாக்க வந்தது இவளத்தான். ஐடில இல்ல, விட்டு ஒன்றர வருஷமாச்சு. லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கா. கல்யாணத்துக்கு அப்புறமும் இதுலதான் இருப்பா. அவ எதையும் மறைக்கல. பொய் சொன்னது நான்."



"போட்டோல முடி நீளமா இருந்துச்சே" என்றார் ஜோயலின் அம்மா. அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது அதுதான்.

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு ஆன்ட்டி" என்றாள் பெனிட்டா.

மீதி இரண்டு மாடியையும் படியேறி வந்தார்கள். ஆறிப்போன கட்லெட்டைச் சாப்பிட்டார்கள். பெனிட்டா கையை மட்டும் கழுவிவிட்டு அதே நீலச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். புடவைக்கு மாறச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஜோயலின் அப்பா அவளிடம் ஒரு மணி நேரம் பேசினார். கயிறு எத்தனை, ஒன்று அறுந்தால் என்ன ஆகும், எல்லாமே அறுந்தால் என்ன ஆகும், அவர்கள் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டாவது மாடியில் மட்டும் ஏன் முனகுகிறது. அவள் டம்ளரையும் தட்டையும் வைத்து விளக்கினாள். அவர் ஆ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வேலையைப் பற்றி இத்தனை கேள்விகளை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது.

கிளம்பும்போது ஜோயலின் அம்மா, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றார். எங்கள் வட்டாரத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்கள் இன்றுவரை ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடுத்த மாதமே அவர்கள் குடியிருப்பின் பராமரிப்பு ஒப்பந்தம் பெனிட்டாவின் கம்பெனிக்கு வந்தது. மாதம் ஒருமுறை போகிறாள். ஜோயலின் அம்மாவே காபி போட்டுக் கொடுக்கிறாராம். மருமகளாக வந்திருந்தால் காபியை இவள்தான் போட வேண்டியிருந்திருக்கும் என்கிறார் என் கணவர்.

அன்று அவர்கள் போனபிறகு பெனிட்டா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "ஐடின்னு சொன்னதுகூடப் பரவால்ல மா. 'எனக்கு எங்க தெரியும்'னு சொன்னியே, அப்ப ரெண்டு நிமிஷம் எனக்கு எந்த ஸ்க்ரூ எங்கன்னு தெரியல."

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், யாரும் கேட்காமலே, "என் பொண்ணு லிஃப்ட் மெக்கானிக்" என்று அறிவித்தேன். "காபியா டீயா?" என்று கேட்டார் இயற்பியல் ஆசிரியை.

எனக்குப் பயம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. ஒருமுறை அவளிடம் கெஞ்சி, அவள் வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்த்தேன். நான்காவது மாடிக் கதவைத் திறந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பாரு மா" என்றாள். இரண்டு வினாடி பார்த்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு வினாடியை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது. அவள் அங்கே எட்டு மணி நேரம் நிற்கிறாள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதாவது, இப்படி ஒரு பிள்ளை எனக்கு எப்படிப் பிறந்தது என்பதில்.

அந்தத் தாள் ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'கருத்து எழுத வேண்டிய இடத்தில் உறவுமுறை எழுதப்பட்டுள்ளது. திருத்தி அனுப்பவும்.'

நான் திருத்தி அனுப்பவில்லை. அது இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதனால் எனக்கு என்ன நஷ்டம் என்றால், வீட்டில் வாயைத் திறந்து யாரையும் பாராட்ட முடிவதில்லை. போன வாரம் பெனிட்டா வைத்த ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது. நான் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குடி" என்றேன்.

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கருத்தக் கேட்டா கருத்த எழுதும்மா" என்றார். "உறவ எழுதாத."